உச்சந்தலைத் தபால்

அத்தான்,

இன்று காலை எட்டு மணிக்கு, பாளையங்கோட்டை போகிற பேருந்தில், ஒற்றைக் கால் வைக்கக்கூட இடமில்லாத கூட்டத்துக்கு நடுவில் உங்கள் கைப்பேசி கத்தியது.

"வே! மணி எட்டாச்சு! மாத்திரையப் போடும்வே! போடலைன்னா உம்ம அறுப்பு மெசினைக் கொண்டு போய் ஆத்துல எறக்கிருவேன், பாத்துக்கிடும்!"

உடைந்தும் உடையாமலும் இருக்கிற அந்தக் குரல் என்னுடையதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், நீங்கள் அசந்து தூங்கிய ஒரு மத்தியானத்தில், உங்கள் கைப்பேசியில் நானே பேசிப் பதிந்து அலாரமாக வைத்தேன். நீங்கள் அதை மாற்றவில்லை. இப்போது அந்தக் கைப்பேசி அக்காவிடம் இருக்கிறது. அவளும் மாற்றவில்லை. எனக்கு மீசை வந்துவிட்டது, அலாரத்துக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

பேருந்தே திரும்பிப் பார்த்தது. "யாருப்பா அது, காலங்காத்தால மெசினை ஆத்துல எறக்குதது?" என்றார் நடத்துநர். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. பையிலிருந்து டப்பாவை எடுத்தாள், மாத்திரையை வாயில் போட்டாள், பாட்டிலில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தாள். முன் இருக்கையில் இருந்த பெரியவர் தன் சட்டைப்பையைத் துழாவ ஆரம்பித்தார்.

"நல்ல வேளை தாயி. எனக்கும் பிரஷர் மாத்திரை ஞாபகம் வந்துட்டு. அந்தத் தண்ணியைக் கொஞ்சம் தா."

அக்கா கொடுத்தாள். பெரியவரும் வாய் வைத்தே குடித்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் இதையே இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன் அத்தான். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துக்கொண்டு, உள்ளுக்குள் பயந்துகொண்டு இருந்தவன் நான். அந்தக் கதையையும் இந்த மடலில் ஒப்புக்கொள்ளப் போகிறேன். ஆனால் முதலில் செய்தி.

உங்கள் மகள் பேச்சிக்கு ஒன்றரை வயது முடிந்துவிட்டது. இன்றைக்குக் கடைசிப் பரிசோதனை. உங்களிடமிருந்து அக்காவுக்கு வந்த எச்.ஐ.வி., அக்காவிடமிருந்து உங்கள் மகளுக்கும் வந்திருக்கிறதா இல்லையா என்று இன்றைக்கு அறுதியிட்டுச் சொல்லிவிடுவார்கள். அதற்காகத்தான் அந்தப் பேருந்தில் போனோம். முடிவும் வந்துவிட்டது. வந்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன், அவசரத்தில் எழுத்தெல்லாம் கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. ஆனால் முடிவை உடனே சொல்ல மாட்டேன். என்னை எத்தனை தடவை காக்க வைத்திருக்கிறீர்கள்! கொஞ்சம் நீங்களும் காத்திருங்கள்.

நீங்கள் எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக வந்த மறுநாள் ஞாபகம் இருக்கிறதா? கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு. புது மாப்பிள்ளையின் சொதியில் நான் ஆறு பச்சை மிளகாயை அரைத்துக் கலந்தேன். நீங்கள் முகம் மாறாமல் சாப்பிட்டுவிட்டு, "சொதி பிரமாதம் மாப்ள, நீயும் சாப்பிடு" என்றீர்கள். நான் ஒரு வாய் வைத்ததும் கிணற்றடிக்கு ஓடினேன். எப்போது இலையை மாற்றினீர்கள் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. அன்றைக்கே முடிவு செய்தேன், இவர் என் ஆள் என்று. ஊரில் எல்லோருக்கும் அத்தான் இருக்கிறார்கள். எனக்கு மட்டும் கூட்டாளி கிடைத்தார்.

நெல் அறுக்கிற இயந்திரம் ஓட்டுவது உங்கள் வேலை. அறுப்புக் காலத்தில் இங்கிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து ஆந்திரா. ஊர் திரும்பினால் சட்டையெல்லாம் நெல் சுணை, தலையெல்லாம் தூசு. இரண்டு மூட்டையை இரண்டு தோளில் தூக்கிக்கொண்டு நீங்கள் சிரிக்கிற படம் ஒன்று உங்கள் ஆழ்வார்குறிச்சி வீட்டில் இன்னும் மாட்டியிருக்கிறது. அந்தப் படத்தைப் பிடித்த அன்றைக்கும் கிருமி உங்கள் உடம்புக்குள் இருந்தது. யாருக்கும் தெரியாது. உங்களுக்கும்தான்.

பிறகு நீங்கள் இளைத்தீர்கள். "அலைச்சல்" என்றாள் அம்மா. "கண்ணு பட்டுட்டு" என்று உங்கள் அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார்கள். இருமல் விடவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். நாக்கில் வெள்ளையாகப் படிந்தது. நான் உங்கள் இடுப்பைப் பார்த்து, "அத்தான், பெல்ட்டுல இனி ஓட்டை போட இடமில்ல, ஆணியடிச்சு மாட்டிருவோமா?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு அது இன்றைக்கும் சிரிப்பாக இல்லை.

உண்மையை வெளியே கொண்டு வந்தது பேச்சிதான். அவள் அப்போது அக்கா வயிற்றில் ஐந்து மாதம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் அக்காவுக்கு எச்.ஐ.வி. என்று வந்தது. உங்களையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். உங்களுக்கும் இருந்தது, கூடவே காசநோயும். பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதிக்கிற நம்பிக்கை மையத்திலிருந்து வெளியே வந்து, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றிருந்த என்னிடம் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை:

"மாப்ள, பள்ளிக்கூடத்துல ஒரு பரிட்சையும் நான் ஒழுங்கா எழுதுனதில்ல. ஆஸ்பத்திரிப் பரிட்சையில பாசிட்டிவ்."

அதைச் சொல்லும்போது உங்கள் உதடு கோணிக்கொண்டு போனது.

அடுத்த முறை என்னையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனீர்கள். அங்கே வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அக்காவுக்கு நான் செல்லப் பிள்ளையா தொல்லைப் பிள்ளையா என்று இன்று வரை அவருக்கே தெரியாது. பத்தாம் வகுப்பு அறிவியலில் எங்கள் சார் "இதை வீட்டுல படிச்சுக்கிடுங்க" என்று வேகமாகப் புரட்டிவிட்ட பக்கத்தை அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ரத்தம், விந்து, பெண்ணின் பிறப்புறுப்புத் திரவம், தாய்ப்பால், இவை வழியாகத்தான் அந்தக் கிருமி பயணம் செய்யும். பாதுகாப்பில்லாத உடலுறவு, ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போடுவது, பரிசோதிக்காத ரத்தத்தை ஏற்றுவது. வயிற்றிலோ பிரசவத்திலோ பாலிலோ தாயிடமிருந்து பிள்ளைக்கு.

"கொசு?" என்றேன் நான்.

"கொசுவால பரவும்னா நம்ம ஜில்லாவுல ஒருத்தர் தப்ப முடியுமா தம்பி? பரவாது."

"எச்சில்?"

"பரவாது. வியர்வை, கண்ணீர், ஒரே தட்டுல சாப்பிடுதது, கட்டிப் பிடிக்கது, முத்தம் கொடுக்கது, எதுலயும் பரவாது."

அன்றைக்கு ஒரு முழக்கம் தயாரித்தேன்: 'எச்'சில் ஆரம்பிப்பதால் எச்.ஐ.வி. எச்சிலில் வந்துவிடாது! அதை என் வகுப்புக் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே அரை நாள் நின்றேன். உங்களிடம் வந்து பெருமையாகச் சொன்னேன். "எழுத்துப்பிழை இல்லாம எழுதினியா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

கிருமி உள்ளே போய் என்ன செய்கிறது என்றும் அவர் விளக்கினார். நம் ரத்தத்தில் நோயை எதிர்க்கிற படை ஒன்று இருக்கிறது. எங்கே எதிரி வந்தான், யார் போக வேண்டும் என்று அந்தப் படைக்கு உத்தரவு போடுகிற அணுக்களும் உண்டு. எச்.ஐ.வி. அந்த உத்தரவு போடுகிற அணுவுக்குள்ளேயே நுழைந்து, அங்கேயே தன்னைப் பிரதி எடுத்துப் பெருக்கி, அதை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். முதலில் ஒரு சாதாரணக் காய்ச்சல் மாதிரி வந்து போகலாம். அதன்பின் பல வருடங்கள் ஒன்றுமே தெரியாது.

அதைக் கேட்டு நீங்கள் சொன்னீர்கள். "அப்போ, வயக்காட்டுல புகுந்தவன் பயிரைத் தொடல. வாய்க்கால்ல இருந்து வயலுக்கு வயல் தண்ணி திருப்பி விடுதாருல்லா நீர்பாய்ச்சி, அவரைப் புடிச்சுக் கெட்டிப் போட்டுருதான். பயிரு நாலு நாளைக்குப் பச்சையாத்தான் நிக்கும். பொறவுதான் ஒவ்வொரு வயலாக் காயும்."

கவுன்சிலர் அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணாச்சி, இதை நான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிடட்டுமா?"

"தாராளமாச் சொல்லுங்க. என் பேரைப் போட வேண்டாம்."

அப்படி வயல்கள் காய ஆரம்பிக்கிற கட்டத்துக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். கிருமி இருப்பது வேறு, எய்ட்ஸ் வேறு. கிருமி இருக்கும்போதே கண்டுபிடித்து மாத்திரை தொடங்கினால் நீர்பாய்ச்சியைக் கட்டவே விடாமல் வைத்திருக்கலாம், எல்லோரையும் போல முழு ஆயுசும் இருக்கலாம். உங்களுக்கு நீர்பாய்ச்சிகள் ரொம்பக் குறைந்துபோயிருந்தார்கள். அதனால்தான் காசநோய் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தது. நீங்கள் எய்ட்ஸ் கட்டத்தில் வந்து சேர்ந்திருந்தீர்கள். அக்கா முன்னாடியே வந்து சேர்ந்தாள். அவளைக் காப்பாற்றியது அந்த வித்தியாசம்தான் அத்தான்.

எப்படி வந்தது என்பதை நீங்கள் என்னிடம் சொன்னது ஆற்றில் வைத்து. கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் கடைசிப் படியில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீருக்குள் விட்டிருந்தீர்கள். மீன் கடித்துக்கொண்டிருந்தது.

"கல்யாணத்துக்கு முந்தி ரெண்டு போகம் வெளியூர் அறுப்பு. கூட வேலை பாத்த பயலுவளோட சேந்து வெளிய பொம்பளைககிட்ட போனேன். ஒரே ஒரு நாளுன்னு சொன்னா பொய். பாதுகாப்பா இருக்கணும்னு எனக்குத் தெரியும் மாப்ள. தெரிஞ்சும் இருக்கல. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுத்திருக்கலாம். அதுவும் எடுக்கல."

நான் ஒரு கல்லை எடுத்து ஆற்றில் எறிந்தேன்.

"ஊசியில வந்துட்டுன்னு சொல்லிரலாம்னு பாத்தேன். யாரும் ஏசமாட்டாங்க. உங்க அக்கா மூஞ்சியப் பாத்து அது வாயில வரல. உள்ளதைச் சொல்லிட்டேன்."

"அக்கா என்ன சொன்னா?"

"மூணு நாளு ஒண்ணும் சொல்லல. நாலாம் நாளு, 'காசநோய் மாத்திரை போட்டாச்சா'ன்னு கேட்டா."

அக்காவுக்கு நாலு நாள் ஆனது. எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாள் நான் உங்களிடம் பேசவில்லை. என் அக்காவுக்கு இதைக் கொடுத்துவிட்டீர்களே என்று உங்கள் மேல் அவ்வளவு கோபம். பத்தாம் நாள் ஆழ்வார்குறிச்சி வந்தால் நீங்கள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள், பக்கத்தில் காலை எட்டு மணி மாத்திரை போடாமல் கிடந்தது. அன்றைக்குத்தான் அந்த அலாரத்தைப் பதிந்தேன். நேராகப் பேச மனசு வரவில்லை, அதனால் கைப்பேசி வழியாகத் திட்டினேன்.

அப்புறம் அந்தப் பாத்திரத் திருட்டு! அதை நினைத்தால் இப்போதும் மனசு துள்ளுகிறது. அக்காவுக்குச் சீராக வந்த எவர்சில்வர் பாத்திரங்களில் எங்கள் அப்பா பெயர் வெட்டியிருக்கும். உங்கள் வீட்டுப் பாத்திரங்களில் உங்கள் அப்பா பெயர். அத்தைக்கு, அதாவது உங்கள் அம்மாவுக்கு, இது வசதியாகப் போய்விட்டது. எங்கள் அப்பா பெயர் போட்டதெல்லாம் உங்கள் இரண்டு பேருக்கும். உங்கள் அப்பா பெயர் போட்டது அத்தைக்கும் வருகிற ஆட்களுக்கும். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்துக்குப் பெயர் வெட்டினவர் இப்படியெல்லாம் நடக்கும் என்று கண்டாரா?

வேடிக்கை என்னவென்றால், இரவெல்லாம் உங்கள் வியர்வையைத் துடைத்தவர்களும் அத்தைதான். நீங்கள் வாந்தி எடுத்தால் கையில் ஏந்தினவர்களும் அவர்கள்தான். தட்டு மட்டும் தனி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, உங்கள் அப்பா பெயர் போட்ட தட்டு, தம்ளர், கரண்டி எல்லாவற்றையும் மச்சுக்குக் கொண்டு போய் நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அண்டாவையும் விடவில்லை. அத்தை வந்து கூட்டாஞ்சோறு ஆக்கி இறக்கிவிட்டுத் தட்டைத் தேடினார்கள்.

"ஏலே, என் பாத்திரமெல்லாம் எங்கலே?"

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும் அத்தை."

"எலி அண்டாவைத் தூக்குமாலே?"

"ஆழ்வார்குறிச்சி எலில்லா."

"மரியாதையா எடுத்துட்டு வந்துரு. எனக்குச் சுகர் மாத்திரை போட்டாச்சு, கை நடுங்குது."

நான் கூட்டாஞ்சோற்றை எங்கள் அப்பா பெயர் போட்ட தட்டில் வைத்து, மேலே எங்கள் ஊர் அப்பளத்தைக் குடை மாதிரி கவிழ்த்து, அத்தை முன்னால் நீட்டினேன். அத்தை தட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் அவர்களைப் பார்க்காமல், உங்கள் தட்டிலிருந்த சோற்றைப் பைய உருட்டிக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் அத்தைக்கு என்னவோ ஆனது. சட்டென்று உட்கார்ந்தார்கள். சாப்பிட்டார்கள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார்கள்.

"காரமா இருக்கோ அத்தை?"

"வாய மூடிட்டுத் தின்னுலே, களவாணிப்பயலே."

நீங்கள் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அக்கா என் முதுகில் இரண்டு வைத்தாள். மறுநாள் மச்சிலிருந்து பாத்திரங்களை இறக்கி எல்லாவற்றையும் ஒன்றாகக் கவிழ்த்து வைத்தவர்கள் அத்தைதான். இப்போது அந்த வீட்டில் யார் தட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்று யாருக்கும் கணக்கில்லை.

இவ்வளவு பெரிய வீரன் நான். இப்போது அந்த ஒப்புதல்.

பேச்சி பிறந்தாள். அக்கா ஐந்தாம் மாதத்திலிருந்தே மாத்திரை விடாமல் சாப்பிட்டதால் அவள் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. பிள்ளைக்கும் பிறந்தவுடனே மருந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா மாத்திரையை விடாத வரை பாலில் ஆபத்து ரொம்பக் குறைவு என்று, முதல் ஆறு மாதம் வேறு எதையும் கலக்காமல் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். எல்லாம் சரியாக நடந்தது. உங்கள் காசநோயும் பரவுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, பிள்ளையைத் தூக்கலாம் என்று டாக்டரே சொன்னார். நீங்கள் தூக்கினீர்கள். ஆனால் முத்தம் கொடுக்கவில்லை.

"பரவாதுன்னு அவங்க சொன்னாங்கல்லா அத்தான்?"

"சொன்னாங்க. எனக்கும் புரியுது. ஆனா உங்க அக்காவுக்குக் கொடுத்துட்டு நிக்கேன். இவளுக்கும் கொடுத்துட்டேன்னு ஒரு நிமிசம் நெனைக்கக்கூட எனக்குத் தெம்பில்ல மாப்ள."

அதற்கு நீங்களே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். தினமும் சாயங்காலம் நான் வரும்போது, கட்டிலில் சாய்ந்தபடி என் தலையை இழுத்து, உச்சந்தலையில் ஒரு முத்தம். "தபால். உள்ள கொண்டு போய் எம்மவட்ட குடுத்துரு. வழியில தொலைச்சிராத."

தொலைத்தேன் அத்தான். கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே பின்வாசலில் ஒரு குழாய் இருக்கிறது. கால் கழுவுகிற சாக்கில் போய், தலையை அதற்குக் கீழே நீட்டிவிட்டு வந்தேன். ஒரு நாள் இல்லை, தினமும். கரும்பலகையில் எழுதினவன், அத்தையின் அண்டாவைத் தூக்கினவன், அந்தக் குழாயடியில் தலையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிவிட்டுத்தான் பேச்சியிடம் போவேன். போய், முத்தமும் கொடுக்காமல், கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, "சேத்துட்டேன்" என்று சொல்வேன். எனக்குத் தெரிந்தது எல்லாம் தலைக்குள் இருந்தது. பயம் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

ஒரு நாள் நீங்கள் என் தலையைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

"என்ன மாப்ள, வெளிய மழையா?"

"இல்லியே."

"தபாலு நனைஞ்சிருக்கே."

அவ்வளவுதான் சொன்னீர்கள். சிரித்தீர்கள்கூட. அடுத்த நாளும் தலையை இழுத்து முத்தம் கொடுத்தீர்கள். நான் அடுத்த நாளும் குழாயடிக்குப் போனேன்.

ஆறாவது வாரத்தில் பேச்சியின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு காகிதத்தில் ரத்தச் சொட்டு எடுத்தார்கள். கிருமியையே நேராகத் தேடுகிற பரிசோதனை. முடிவு வருவதற்குள் உங்களுக்கு மூச்சு முட்டி, பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். உங்கள் உடம்பு ரொம்பப் பின்னால் இருந்து ஓடத் தொடங்கியிருந்தது, எட்டிப் பிடிக்க முடியவில்லை. அன்றைக்கு ஆக்சிஜன் முகமூடியை இறக்கிவிட்டு என்னிடம் சொன்னீர்கள்:

"எம்மவளுக்கு முடிவு வந்தா எனக்கு ஒரு தபால் போடு. விலாசம் தெரியாதுன்னு சொல்லித் தப்பிச்சிராத."

அதுதான் இந்த மடல். முதல் முடிவு 'இல்லை' என்று வந்தபோது நீங்கள் உயிரோடு இல்லை, நானும் எழுதவில்லை. ஆறாம் மாதம், ஒரு வருடம், அப்போதும் 'இல்லை'. அப்போதும் எழுதவில்லை. பாலை நிறுத்தி, ஒன்றரை வயதும் முடிந்த பிறகு எடுப்பதுதான் கடைசி முத்திரை என்றார் கவுன்சிலர் அக்கா. முத்திரை குத்தாத தபாலை உங்களுக்கு எப்படி அனுப்புவது?

இன்று காலை ரத்தம் எடுத்தார்கள். பேச்சி ஆஸ்பத்திரி இடிகிற மாதிரி கத்தினாள். பேச்சி என்று பெயர் வைத்ததற்கு இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் கத்துவதில் உங்கள் இயந்திரம் தோற்றுப் போகும். வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் ஆகும். அக்கா கையைக் கோத்துக்கொண்டு கதவையே பார்த்தாள். பேச்சி என் மடியில்.

அப்போது என்னவோ தோன்றியது. முடிவு 'இல்லை' என்று வந்த பிறகு நான் இவளுக்கு முத்தம் கொடுத்தால், அது என்ன முத்தம்? இத்தனை நாளும் நான் இவளைக் கொஞ்சியதெல்லாம் விரலால்தான். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல்தான் இருந்திருக்கிறாள். முடிவு எப்படி வந்தாலும் இவள் உங்கள் மகள், நான் இவள் தாய்மாமன். இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, தபால் தபால்தானே?

கதவு திறப்பதற்கு முன்பே கொடுத்தேன் அத்தான். உச்சந்தலையில் ஒன்று, இரண்டு கன்னத்திலும், மூக்கில், கண்ணீர் காயாத அந்தக் கண்ணில், மறுபடியும் உச்சந்தலையில். நீங்கள் அனுப்பி நான் கழுவிவிட்ட அத்தனையும். பக்கத்தில் இருந்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பேச்சி முதலில் திகைத்தாள், பிறகு சிரித்தாள், அப்புறம் பல்லெல்லாம் பதிய என் மூக்கைக் கடித்தாள்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "என்னல பண்ணுத?"

"பழைய தபால் அக்கா. அத்தான் குடுத்தது. லேட்டாயிட்டு."

அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. குழாய்ச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், வைத்த கையை எடுக்காமல் அப்படியே என் தலைமேல் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் கதவு திறந்து, பேச்சியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

சரி, சொல்லிவிடுகிறேன்.

இல்லை! இல்லவே இல்லை! மூன்று விதமாகப் பார்த்தும் இல்லை! கடைசி முத்திரையும் குத்தியாச்சு அத்தான், உங்கள் மகளுக்கு எச்.ஐ.வி. இல்லை! கவுன்சிலர் அக்கா சொல்லி முடிப்பதற்குள் நான் போட்ட சத்தத்தில் இரண்டு நர்சுகள் ஓடி வந்தார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், அழுகிறாள் என்று நினைத்தேன், எடுத்துப் பார்த்தால் சிரிக்கிறாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் குடும்பத்துக்கு ஒரு 'நெகட்டிவ்' இவ்வளவு இனித்தது. போன் போட்டதும் அத்தை, "நெசமாத்தானாலே? உன் வெளையாட்டு இல்லியே?" என்று நாலு தரம் கேட்டார்கள். என் பேரில் அவ்வளவு நம்பிக்கை. அக்கா வாங்கிச் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் குலவைச் சத்தம் கேட்டது.

நாங்கள் கிளம்பும்போது கவுன்சிலர் அக்கா ஒன்று சொன்னார். போன வாரம் ஒரு டிரைவர் அண்ணாச்சி, கல்யாணம் நிச்சயமான கையோடு, தானாக வந்து பரிசோதனை எடுத்தாராம். யாரோ அவருக்கு அந்த நீர்பாய்ச்சிக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பெயர் அதில் இல்லை. நீங்கள் கேட்டுக்கொண்டபடியே.

வருகிற வெள்ளிக்கிழமை நம் சாஸ்தா கோயிலில் பேச்சிக்கு மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடி என்னுடையது. புது பிளேடு, புது ஊசி என்று இப்போதே சொல்லிவிட்டேன். அதைப் பேச்சிக்காகச் சொல்லவில்லை, எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். "நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா தம்பி" என்று ஏசினார் மொட்டை போடுகிறவர்.

நானும் அவளோடு மொட்டை போடுகிறேன். ஏதோ வேண்டுதல் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். வேண்டுதல் ஒன்றும் இல்லை. அந்தக் குழாயடியில் எவ்வளவு தேய்த்தும் போகாத உங்கள் தபால் ஒன்று என் உச்சந்தலையில் இருக்கிறது அத்தான். முடிக்குள் ஒளித்து வைத்தது போதும். வெள்ளிக்கிழமையிலிருந்து கொஞ்ச நாளைக்கு அது வெயிலில் நன்றாகத் தெரியட்டும்.

உங்கள் மாப்ள